கதை முடியும் முன்னே எழுத்தாளர் போய்விட்டால்: திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் ஆங்கிலக் கற்பனைத் தொடர்களை வாசிப்பவர்கள் பெரிய கூட்டமில்லை. இருப்பவர்கள் தீவிரமானவர்கள். உவர்மலையில் புறப்படும் ஒரு புத்தகம் நிலாவெளி போய், கிண்ணியா சுற்றித் திரும்பி வரும்போது அட்டை கழன்றிருக்கும். என்னிடமிருந்து அப்படிக் கைமாறிப் போவதில் முதலிடம் ரொபேர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஒஃப் டைம்’ தொடருக்குத்தான்.

முதல் சில பாகங்களை வாசிக்கும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஐந்திலோ ஆறிலோ நிற்கும்போது ஆசிரியர் யாரென்று தேடிப் பார்ப்பார்கள். தொடர் முடியும் முன்னே அவர் இறந்துவிட்டார் என்று தெரியவரும். அன்றிரவே எனக்கு போன் வரும். அந்த போன்களில் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, முதல் பாகத்தில் இருப்பவரும் பயப்படாமல் வாசிக்கலாம்.

ரொபேர்ட் ஜோர்டன் எண்டவர் ஆர்? எப்ப மோசம்போனவர்?

ரொபேர்ட் ஜோர்டன் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஒலிவர் ரிக்னி. 1948 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ள்ஸ்டனில் பிறந்தார். நம்மைப் போல அவரும் துறைமுகப் பட்டினத்துக்காரர். வியட்நாம் போரில் ஹெலிகொப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தார். திரும்பி வந்து பௌதிகவியல் படித்து, கடற்படைக்காக அணுசக்திப் பொறியியலாளராக வேலை பார்த்தார். எழுத்து அதற்குப் பிறகுதான்.

தொடரின் முதல் பாகம் 1990 இல் வந்தது. பதினோராம் பாகம் 2005 இல். இடையில் 2004 இல் முன்கதையாக ஒரு சிறு நாவல். பன்னிரண்டாவதுதான் கடைசி, எவ்வளவு பெருத்தாலும் ஒரே புத்தகமாகத்தான் வரும் என்று சொல்லியிருந்தார். 2006 மார்ச்சில், தனக்கு அமிலோய்டோசிஸ் என்ற அபூர்வ இரத்த நோய் வந்து இதயத்தைத் தாக்கியிருப்பதாக வாசகர்களுக்கு அவரே அறிவித்தார். இன்னும் 30 வருடம் இருந்து எழுதத்தான் எண்ணம் என்றும் எழுதினார். 2007 செப்டெம்பர் 16 அன்று இறந்தார். வயது 58.

அப்ப கதை முடியேல்லையா? நான் இவ்வளவும் வாசிச்சது வீணா?

கதை முடிந்துவிட்டது. நிம்மதியாக வாசியுங்கள். பிரண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் எஞ்சியதை எழுதினார். ஒன்றாக வரவேண்டிய கடைசிப் புத்தகம் 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. மொத்தம் 14 பாகம், அதோடு அந்த முன்கதை. கடைசி மூன்றின் அட்டையிலும் இருவர் பெயரும் இருக்கும், ஜோர்டன் பெயர் முதலில்.

வேற ஆள் எழுதினதை எப்பிடி அவர்ட கதை எண்டு சொல்லுறது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. அதனால் ஜோர்டன் விட்டுப்போனது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் பாகத்துக்காகச் சில காட்சிகளை அவர் எழுதி வைத்திருந்தார். உடல் தளர்ந்த பிறகு, கதை எப்படிப் போகவேண்டும், யார் எங்கே போய் நிற்பார்கள் என்பதையெல்லாம் வீட்டாரிடமும் உதவியாளர்களிடமும் வாயால் சொல்லி வைத்தார். அவர்கள் பதிவுசெய்து எழுதிக்கொண்டார்கள். இந்தப் பாகத்துக்கென்று சாண்டர்சன் கைக்கு வந்தது சுமார் 200 பக்கம்.

அதில் மிக முக்கியமானது தொடரின் கடைசிக் காட்சி. அதை ஜோர்டனே எழுதியிருந்தார். 14 ஆம் பாகத்தின் இறுதிப் பக்கங்களில் நீங்கள் வாசிப்பது பெரும்பாலும் அவர் எழுத்துத்தான். வழி தெரியாமல் யாரோ இழுத்துக்கொண்டு போன கதை இல்லை இது. போய்ச் சேரவேண்டிய இடத்தைக் கட்டி வைத்துவிட்டு, நடுவில் உள்ள பாதையை இன்னொருவரிடம் விட்டுச் சென்றிருக்கிறார்.

நான் இதை அவருடைய கதை என்றே சொல்வேன். ஆனால் அவர் எழுதிய புத்தகம் என்று சொல்லமாட்டேன். கதை அவருடையது, கடைசி மூன்று புத்தகங்கள் இருவருடையவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மனம் பாதி ஆறிவிடும்.

ஏன் அந்த சாண்டர்சன்? ஆர் அவரைத் தெரிஞ்செடுத்தது?

ஜோர்டனின் மனைவி ஹரியட் மக்டூகல். அவர் மனைவி மட்டுமில்லை, முதல் பாகத்திலிருந்தே அந்தத் தொடரின் பதிப்பாசிரியரும் அவர்தான். ஜோர்டன் இறந்தபோது சாண்டர்சன் தன் வலைப்பக்கத்தில் ஓர் அஞ்சலி எழுதினார். பதின்ம வயதில் முதல் பாகத்தை வாங்கிய வாசகன், அதைப் பார்த்தே எழுத்தாளனாக வந்தவன், அந்த நன்றியோடு எழுதிய குறிப்பு அது. அது ஹரியட்டின் கண்ணில் பட்டது. அவரே போன் எடுத்து, இதை முடித்துத் தர விருப்பமா என்று கேட்டார். பிறகு சாண்டர்சனின் நாவல் ஒன்றை வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார். 2007 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. சாண்டர்சனுக்கு அப்போது 31 வயது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஹரியட்டின் வேலை. கணவர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த நிலையில் குறிப்புகளை எடுத்து வைத்து, ஆள் தேடி, பின்னர் மூன்று பாகங்களையும் வரிவரியாகச் செப்பனிட்டிருக்கிறார். தொடர் முடிந்ததற்கு வாசகர்கள் சாண்டர்சனுக்கு நன்றி சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். அதில் பாதியாவது அந்த அம்மாவுக்குப் போகவேண்டும்.

ஒரு புத்தகம் எண்டு சொல்லிப்போட்டு மூண்டாக்கினது காசுக்காகத்தானே?

பதிப்பகத்துக்கு இலாபம் வந்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் பதினோராம் பாகம் முடியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் எத்தனை திசையில் நிற்கிறார்கள்? எத்தனை வாக்குகள் நிறைவேறாமல் கிடக்கின்றன? வெளிவந்த மூன்று பாகங்களில் எதுவும் மெலிந்த புத்தகம் இல்லை, கடைசியைக் கையில் வைத்துப் படுத்துக்கொண்டு வாசித்தால் மணிக்கட்டு நோகும். அவ்வளவையும் ஒரே அட்டைக்குள் அடக்கியிருந்தால் பாதிப் பேரின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால், ‘அவசரமாக முடித்துவிட்டார்கள்’ என்று இதே ஆட்கள்தான் எனக்கு போன் எடுத்திருப்பார்கள்.

பன்னிரண்டாம் பாகத்தில மெட் கதைக்கிறது வேற மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தான் அப்பிடித் தெரியுதா?

இல்லை, உலகம் முழுக்க வாசகர்கள் அதையே சொன்னார்கள். மெட் என்ற சூதாடிப் பையனின் பகிடி, தான் பகிடி விடுகிறோம் என்று அவனுக்கே தெரியாமல் வருவது. ஜோர்டன் கையில் அவன் முழுச் சீரியசாகத்தான் புலம்புவான், சிரிப்பது நாங்கள். 2009 இல் வந்த பாகத்தில் அவன் சிரிக்க வைக்கவேண்டும் என்று நினைத்தே பேசுகிறான். சாண்டர்சனும் மெட் சரியாக அமையவில்லை என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அடுத்த பாகங்களில் திருத்தம் தெரிகிறது.

இது உங்களை உறுத்தினால் நீங்கள் நல்ல வாசகர். பதினொரு பாகம் ஒருவரின் குரலைக் கேட்டுப் பழகிய காது அது. நடை மாறியது தெரியவே கூடாது என்று சாண்டர்சன் ஜோர்டனைப் போல வேடம் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். வசனத்தை அவர் தன் போக்கில் எழுதினார், ஆட்களின் மனதை மட்டும் மாற்றாமல் காக்கப் பார்த்தார். மெட்டில் சறுக்கியது. ஆனால் அதே பாகத்தில் எக்வீன் என்ற பெண் வரும் பகுதிகளை வாசித்துப் பாருங்கள். முழுத் தொடரிலும் அவளுக்கு அதைவிட நல்ல பகுதி இல்லை என்பது என் எண்ணம்.

பத்தாம் பாகம் நகருதே இல்லை. தாண்டிப் போகலாமா?

தாண்டவேண்டாம், வேகமாகப் புரட்டுங்கள். 2003 இல் அது வந்தபோது மற்ற நாட்டு வாசகர்களும் இதைத்தான் முறையிட்டார்கள். ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நடந்த பெரிய சம்பவம் ஒன்றை வேறு வேறு இடங்களில் இருந்தவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கே பக்கங்கள் போய்விடுகின்றன. பதினொன்றில் வேகம் திரும்பிவிடும். ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் பெயர்கள், சொற்களுக்கான விளக்கப் பட்டியல் இருக்கிறது, அதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வாசித்தால் தடுமாற்றம் குறையும்.

“மனுசன் காசுக்கு இழுத்தடிக்கிறார்” எண்டு நான் எவ்வளவு திட்டினனான். இப்ப நினைக்கக் கஷ்டமா இருக்கு. அவருக்கு வருத்தம் எண்டு ஆர் கண்டது?

இதைக் கேட்ட தம்பிக்கு அன்று போனில் சொன்னதையே எழுதுகிறேன். உங்கள் கோபம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பத்தாம் பாகம் இழுவை என்று நினைத்தது ஒரு வாசகரின் தீர்ப்பு, அவர் இறந்ததால் அந்தத் தீர்ப்பு பொய்யாகிவிடாது. அவர் நல்ல மனிதர் என்பதும் உண்மை, அந்தப் பாகம் மெதுவானது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆத்திரப்பட்டது எதற்காக? அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை, அதற்காகத்தானே. கதையில் பற்றில்லாதவன் திட்டுவதில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். மனம் இன்னும் ஆறாவிட்டால், திட்டிய அந்தப் பாகத்தையே இன்னொரு தரம் நிதானமாக வாசியுங்கள். இப்போது காத்திருப்பு இல்லை, அடுத்த பாகம் அலுமாரியில் இருக்கிறது. அப்படி வாசிக்கும்போது அந்த மெதுவே வேறு மாதிரி இருக்கும்.

சுனாமியும் சண்டையும் பாத்த ஊரில இருந்துகொண்டு, ஆரோ ஒரு அமெரிக்க எழுத்தாளருக்காக அழுறதே?

இதைக் கேட்டது ஒரு தாய். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று போன் எடுத்தார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. நியாயமான கேள்விதான். 2004 டிசம்பர் 26 இல் கடல் எடுத்துக்கொண்டு போனவர்களை இந்த ஊர் மறக்கவில்லை. ஜோர்டனுக்கு நோய் வந்த அதே 2006 இல்தான் மூதூர்ச் சனம் பையும் கையுமாக இடம்பெயர்ந்தது.

ஆனால் அந்த வருடங்களில் இங்கே புத்தகம் வாசித்தவர்களை எனக்குத் தெரியும். பின்னேரம் ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவேண்டிய காலம். ரோட்டுக்குப் போக முடியாது, கடற்கரைக்குப் போக முடியாது. அந்த மணிநேரங்களில் ஆயிரம் பக்கப் புத்தகம் ஒன்று பக்கத்தில் இருப்பது சின்ன விசயமில்லை. அந்தக் கதையில் வருவதும் சொந்த ஊரை விட்டு இரவோடிரவாக ஓடும் பிள்ளைகள்தான். அதை எழுதியவரும் போருக்குப் போய் வந்தவர். அவர் எங்களுக்குத் துணையாக இருந்தார், அவருக்கு அது தெரியாது என்றாலும்.

அழுகையில் பங்கு பிரிக்கிற கணக்கு இல்லை. ஒருவருக்கு அழுதால் இன்னொருவருக்குக் குறைந்துவிடாது. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவர் போனால் எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரியம் உண்டு, சனம் வந்து போகும், கவலையை அதில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கலாம். எங்கேயோ இருந்த எழுத்தாளருக்கு அப்படி ஒன்றும் இல்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத கவலை அது. மகளிடம் அந்தக் கதையைப் பற்றிக் கேளுங்கள் அம்மா, அவள் சொல்லத் தொடங்கினால் போதும்.

தமிழில இப்பிடி ஏதும் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. கல்கி 1954 டிசம்பர் 5 அன்று இறந்தபோது ‘அமரதாரா’ தொடர் பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். இன்னும் பழைய கதை வேண்டுமென்றால், வடமொழியில் பாணபட்டர் முடிக்காமல் போன ‘காதம்பரி’யை அவர் மகன்தான் முடித்தார். ஹரியட் செய்ததும் சாண்டர்சன் செய்ததும் புதிய வழக்கமில்லை.

அதே கல்கி, அதே 1954 இல் ‘பொன்னியின் செல்வ’னை முழுதாக முடித்தவர். அப்படியும் வாசகர்கள் விடவில்லை. இவருக்கு என்ன ஆனது, அவரை யார் கட்டினார் என்று கேள்வி மேல் கேள்வி. முடிவுரையில் அவற்றுக்கெல்லாம் அவர் பதில் எழுதவேண்டி வந்தது. பிறகு அந்தக் கதையைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். முடிந்த கதைக்கே இந்தப் பாடு. (தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லும் ‘மோகனாங்கி’யை 1895 இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்ம திருகோணமலைக்காரர். அதைத் தெரியாமல் இங்கே யாரும் வரலாற்று நாவல் பற்றிக் கதைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.)

எங்கள் அம்மம்மா இந்தியச் சஞ்சிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் வெட்டி, சாக்கு ஊசியால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக்கி வைத்திருந்தார். சில வாரம் சஞ்சிகை வந்து சேராது. அந்த இடத்தில் கொப்பித் தாள் ஒன்றை வைத்துத் தைத்திருப்பார். அதில் பென்சிலால், ‘இந்தக் கிழமை கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு ரீச்சர் சொன்னது’ என்று தலைப்பிட்டு, அவர் வாயால் கேட்ட கதையை எழுதியிருப்பார். அச்சிட்ட பக்கத்துக்கும் பென்சில் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் கதையில் ஓட்டை விழவும் விடவில்லை. கடைசி மூன்று பாகங்களை நானும் அந்தக் கொப்பித் தாள்களைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறேன்.

முடிக்காம விட்டிருக்கலாம்தானே? அதுதானே செத்தவருக்கு மரியாதை?

செத்தவர் என்ன கேட்டார் என்பதைப் பொறுத்தது. கற்பனைக் கதைகள் எழுதிய டெரி பிராட்செட் 2015 இல் இறந்தார். தான் முடிக்காமல் விட்டவற்றை யாரும் தொடக்கூடாது என்பது அவர் விருப்பம். 2017 இல் இங்கிலாந்தின் டோர்செட்டில் நடந்த பழைய நீராவி இயந்திரக் கண்காட்சியில், அவரது எழுத்துகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை ரோட்டுரோலரால் நசுக்கினார்கள். வாசகர்களுக்கு நெஞ்சு வெடித்திருக்கும், ஆனால் அதுதான் மரியாதை. ஜோர்டன் அதற்கு நேர்மாறு. கதை முடியவேண்டும் என்று விரும்பினார், அதற்காகக் கடைசி வாரங்களில் மூச்சுவாங்க வாங்கச் சொல்லிக்கொடுத்தார். அதை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால்தான் அவமரியாதை.

குறிப்பு இல்லாமலோ, சுருக்கமான குறிப்போடு மட்டுமோ போனவர்களின் கதைதான் சிக்கல். டிக்கன்ஸ் 1870 இல் இறந்தபோது அவர் கடைசி நாவல் 12 மாதத் தொடரில் 6 தான் எழுதி முடிந்திருந்தது. மர்மக் கதை, மர்மத்தின் விடையை அவர் எழுதி வைக்கவில்லை. அன்றிலிருந்து எத்தனையோ பேர் முடிவு எழுதிப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. ‘டியூன்’ எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட் 1986 இல் இறந்தார். அவர் மகனும் இன்னொருவரும் சேர்ந்து, அவர் வைத்திருந்த சுருக்கக் குறிப்பிலிருந்து 2006, 2007 இல் இரண்டு புத்தகங்கள் எழுதினார்கள். அவற்றை ஏற்பதா இல்லையா என்று வாசகர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஜப்பானிய மங்கா (சித்திரக்கதை) ‘பெர்செர்க்’ தொடர்ந்த விதம். 1989 இல் அதைத் தொடங்கிய கென்டாரோ மியூரா 2021 மே மாதம், 54 வயதில் திடீரென்று இறந்தார். முழுக் கதையையும் பள்ளிக்கால நண்பர் கோஜி மோரியிடம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். 2022 இல் மோரி மேற்பார்வையில், மியூராவின் உதவி ஓவியர்கள் தொடரை மீண்டும் தொடங்கினார்கள். மியூரா சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், சொல்லாத எதையும் சேர்க்கமாட்டேன் என்று மோரி வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்தார். நட்புக்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உயிரோட இருக்கிற எழுத்தாளரிட்ட “கெதியா முடியுங்கோ” எண்டு கேக்கலாமா?

கேட்கலாம், ஒரு தரம், அன்பாக. ‘சாகும் முன்னே முடித்துவிடும்’ என்று கேட்கக் கூடாது. ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கு இதுதான் நடக்கிறது. அவரது தொடரின் ஐந்தாம் பாகம் 2011 இல் வந்தது, ஆறாவதற்காக உலகமே காத்திருக்கிறது. ஜோர்டனின் சாவை உதாரணம் காட்டி அவரை விரட்டுகிறவர்கள் ஒன்றை நினைக்கவேண்டும். மார்ட்டினின் முதல் பாகத்துக்கு ஜோர்டன் எழுதிக்கொடுத்த பாராட்டு வரிதான் அதற்குப் பல வாசகர்களைக் கொண்டுவந்தது, இதை மார்ட்டினே நன்றியோடு சொல்லியிருக்கிறார். தன் கதைக்குள் ட்ரெபோர் ஜோர்டைன் என்று ஒரு பிரபுவையும் வைத்திருக்கிறார். ட்ரெபோர், ரொபேர்ட்டைத் திருப்பிப் போட்டது. நண்பரின் மரணத்தை எடுத்து அவர் முகத்தில் எறிவது பண்பில்லை.

முடியாத தொடரைத் தொடங்காமல் விடுறதுதானே புத்தி?

அப்படி நினைப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் முடியட்டும் என்று காத்திருந்தால், முதல் பாகம் விற்காது, பதிப்பகம் அடுத்ததைக் கேட்காது, கதை அங்கேயே நின்றுவிடும். சாண்டர்சன் 1990 இல் அப்படிக் காத்திருந்தால் இந்தத் தொடரை முடிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கமாட்டார். நம்ம ஊரில் செலவும் ஒரு காரணம் என்பது விளங்குகிறது. புதுப் புத்தகம் வாங்கக் கட்டுப்படி ஆகாவிட்டால், கொழும்புக்குப் போகும் யாரிடமாவது மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிவி தொடரையும் நிப்பாட்டிட்டாங்களே?

ஆம். 2021 இல் தொடங்கி மூன்று பருவம் ஓடி, 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. அதற்குக் கவலைப்படுபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். புத்தகம் முழுசாக இருக்கிறது, நான்காம் பாகத்தைக் கையில் எடுங்கள்.

ஜோர்டன் இன்னும் கதை எழுத நினைச்சிருந்தவராம். அது வருமா?

வராது. பிரதான கதை முடிந்த பிறகு மெட்டை வைத்து இன்னொரு மூன்று பாகமும், மேலும் இரண்டு முன்கதைகளும் எழுத நினைத்திருந்தார். ஆனால் அவற்றுக்கென்று அவர் எழுதி வைத்தது ஓரிரு வரி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எழுதினால் அது சாண்டர்சனின் கதையாகத்தான் இருக்கும், அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். வேறு ஆள் எழுதியதைப் பற்றி மேலே சொன்னதை ஒருக்கால் பாருங்கள். குறிப்பு இருந்த இடத்தில் எழுதினார்கள், இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். பணம்தான் நோக்கம் என்றால் இங்கே நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

நாங்களே எழுதினா என்ன?

எழுதுங்கள், கை பழகும். ஆனால் விற்க முடியாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும் காலமும் அவர் இறந்து 70 வருடமும் பதிப்புரிமை அவர் பக்கம். நண்பர்களுக்கு வாசிக்கக் கொடுக்கும்போது இது உங்கள் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதின்நாலாம் பாகத்தை வாங்கி வச்சிட்டு வாசிக்க மனம் வரேல்லை. வாசிச்சா எல்லாம் முடிஞ்சிடும்தானே?

இப்படிச் சொன்ன ஒரு பிள்ளையின் வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். பிறவுண் தாள் உறை போட்டு, அலுமாரியின் மேல்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. உப்புக்காற்றில் பக்கங்களின் ஓரம் பழுப்பேறி, பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வாசித்தவர்கள் கைபட்ட மற்றப் பதின்மூன்றும் கிழிந்திருந்தாலும் பூஞ்சணம் இல்லை.

வாசித்துவிடுங்கள் பிள்ளை. அந்தக் கடைசிக் காட்சியை ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனது யாரும் திறக்காமல் இருப்பதற்காக இல்லை. பதின்மூன்றாம் பாகத்தை வாசித்து நாள் கூடிவிட்டது என்றால் முதலில் அதன் கடைசி நூறு பக்கத்தை மறுபடி பாருங்கள். பதின்நாலில் ஒரேயொரு அத்தியாயம் இருநூறு பக்கம் அளவுக்குப் போகும், ‘தி லாஸ்ட் பட்டில்’ என்று பெயர். அதை இரவு தொடங்கினால் நடுவில் வைக்க முடியாது, பாடசாலை லீவு நாளில் காலையிலேயே தொடங்குங்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன விசயம் நடக்கும், அது எப்படி நடந்தது என்று புத்தகத்தில் விளக்கம் இல்லை, ஹரியட்டும் சாண்டர்சனும் இன்றுவரை சொல்லவும் இல்லை. அதைப் பற்றி என்னோடு வாதாட வேண்டுமென்றால், எந்த நேரமானாலும் போன் எடுங்கள்.